எட்டுத் தோல்விகளும் ஒரு புது அஃபென்ஸும்: எல்எஸ்யூ 2019

2019 செப்டம்பர் 7, சனிக்கிழமை இரவு. ஆஸ்டின் நகரில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மைதானம். ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட இல்லை. வெளியூரிலிருந்து வந்த லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம், சுருக்கமாக எல்எஸ்யூ, 37-31 என்று ஆறு புள்ளி முன்னால் இருக்கிறது. பந்தும் அவர்களிடம்தான். ஆனால் மூன்றாவது முயற்சி, போக வேண்டிய தூரம் 17 யார்டு.

அமெரிக்கன் ஃபுட்பால் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும். மூன்று முயற்சியில் முடியவில்லை என்றால், பெரும்பாலும் நான்காவதில் பந்தைத் தூர உதைத்து எதிரியிடம் கொடுத்துவிட்டு, இனி டிஃபென்ஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவார்கள். பந்தோடு முன்னேறப் பார்க்கும் பக்கம் அஃபென்ஸ், மறிக்கும் பக்கம் டிஃபென்ஸ். அஃபென்ஸின் மூளை குவார்ட்டர்பேக். பந்தை எறிவதும் கொடுப்பதும் அவர் வேலை.

எல்எஸ்யூவை வருடக்கணக்காகப் பார்த்து வந்தவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று மனப்பாடம். பந்தை ஓடுபவரிடம் கொடுத்து நடுவில் முட்ட விடுவார்கள். நாலு யார்டு கிடைக்கும், கடிகாரம் ஓடும். பிறகு உதைத்துவிட்டு, டெக்சஸ் எழுபது எண்பது யார்டு வந்துவிடக் கூடாதே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்று அப்படி நடக்கவில்லை. டெக்சஸ் கூடுதல் ஆட்களை குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ மேல் ஏவியது. நெரிசல் நெருங்க நெருங்க அவர் பின்வாங்காமல் ஓரடி முன்னால் நகர்ந்து, எறிவதற்கு ஒரு கணம் இடம் பண்ணிக்கொண்டார். பந்து ஜஸ்டின் ஜெஃபர்சன் கைக்குப் போனது. மீதித் தூரத்தை அவர் ஓடியே கடந்தார். 61 யார்டு டச்டவுன், அதாவது பந்தை எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் எடுக்கும் ஆறு புள்ளி. கூடவே டச்டவுனுக்குப் பின் கிடைக்கும் இரண்டு புள்ளி முயற்சியும் கைகூட 45-31. கடைசியில் டெக்சஸ் ஒன்று போட்டும் 45-38-இல் ஆட்டம் முடிந்தது.

அந்த ஆட்டத்தை நான் பலமுறை திரும்பப் பார்த்திருக்கிறேன். எறிந்த விதம் அழகு, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்துவது அதற்கு முந்தைய சில நொடிகள். மூன்றாவது முயற்சி, 17 யார்டு, வெளியூர், முன்னிலை ஆறே புள்ளி. இந்த நிலையில் எறியச் சொல்ல ஒரு பயிற்சிக் குழுவுக்கு மனம் வந்தது. ரசிகர்கள் வருடக்கணக்காகக் கேட்டது அந்த மனத்தைத்தான்.

அந்தக் கேட்பு எங்கே தொடங்கியது, எப்படி நிறைவேறியது, ஒரே பருவத்தில் ஏன் கரைந்தது என்பதுதான் இந்த ஆய்வு.

எட்டு

எல்எஸ்யூ இருப்பது லூசியானாவின் தலைநகர் பேட்டன் ரூஜில், மிசிசிப்பி ஆற்றங்கரையில். அதன் டைகர் ஸ்டேடியத்தில் 1,02,321 பேர் உட்காரலாம். ஆட்டம் சனிக்கிழமை இரவு இருந்தால்தான் அந்த ஊருக்குத் திருப்தி. 1988 அக்டோபர் 8 அன்று ஆபர்ன் அணிக்கு எதிராகக் கடைசி நேரத்தில் போட்ட ஒரு டச்டவுனில் எல்எஸ்யூ 7-6 என்று வென்றது. அப்போது எழுந்த கூச்சலும் குதிப்பும் பல்கலைக்கழகத்தின் நில அதிர்வுக் கருவியிலேயே பதிவாகியிருந்தது. இன்றும் அதற்குப் பூகம்ப ஆட்டம் என்றுதான் பெயர். ஏழு புள்ளிக்கே பூமியை ஆட்டிய கூட்டம் அது. கஞ்சத்தனமான அஃபென்ஸோடும் அவர்கள் அணியைக் கைவிட்டதில்லை.

2003-இல் பயிற்சியாளர் நிக் சேபன் கீழும், 2007-இல் லெஸ் மைல்ஸ் கீழும் கல்லூரி ஃபுட்பாலின் தேசியப் பட்டம் வந்தது. இரண்டிலும் முதுகெலும்பு டிஃபென்ஸும் தரைவழி ஓட்டமும். இதற்கிடையே 2007-இல் சேபன் அலபாமாவுக்குப் போய் அங்கே ஒரு சாம்ராஜ்யமே கட்டினார். எல்எஸ்யூவின் துன்பம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

2011 நவம்பரில் இரண்டு அணிகளும் மோதியபோது எல்எஸ்யூ கூடுதல் நேரத்தில் 9-6 என்று வென்றது. இரண்டு பக்கமும் ஒரு டச்டவுன்கூட இல்லை. 2012 ஜனவரி 9 அன்று தேசியப் பட்டத்துக்காக அதே இரண்டு அணிகள் நியூ ஆர்லியன்ஸில் மறுபடி சந்தித்தன. அதுவரை ஒரு தோல்விகூட இல்லாத எல்எஸ்யூ, சொந்த மாநிலத்து மக்கள் கண்முன்னே 21-0 என்று தோற்றது. ஆட்டம் முழுக்க எடுத்தது 92 யார்டு. நடுக்கோட்டைத் தாண்டியது ஒரே ஒரு முறை.

தோற்பது வேறு, முயலாமல் தோற்பது வேறு. அன்றைய காயம் இரண்டாவது வகை. அதிலிருந்து 2018 வரை அலபாமாவிடம் வரிசையாக எட்டுத் தோல்விகள்.

ஆள் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. 2013-இல் ஓடெல் பெக்கம், ஜார்விஸ் லாண்ட்ரி என்ற இரண்டு ரிசீவர்களும், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர்களும், தலைக்கு ஆயிரம் யார்டுக்கு மேல் எடுத்தார்கள். 2015-இல் லெனார்ட் ஃபோர்னெட் அந்தப் பருவத்தில் மட்டும் 1,953 யார்டு ஓடினார். அதே ஃபோர்னெட் அலபாமாவுக்கு எதிராக 19 முறை பந்தை வாங்கி ஓடி, மொத்தம் 31 யார்டுதான் எடுக்க முடிந்தது. காரணம் எளிது. எல்எஸ்யூ எறியாது என்று அலபாமாவுக்குத் தெரியும். அதனால் முன்வரிசையில் ஆட்களை அடைத்துவிட்டது. எவ்வளவு பலசாலியானாலும் எட்டுப் பேர் நிற்கும் சுவரில் ஒருவர் என்ன செய்வார்? நாட்டிலேயே சிறந்த ஓட்டக்காரரை வைத்துக்கொண்டு அரைத்த மாவையே அரைத்ததைப் பார்த்த ரசிகர்களின் ஆற்றாமை எனக்குப் புரிகிறது. அங்கே கோபத்தைவிட அதிகம் இருந்தது இரக்கம்.

ஏமாந்த நம்பிக்கைகள்

2019-இன் நம்பிக்கை திடீரென்று முளைத்ததில்லை. அதற்கு முன்பு இரண்டு முறை அவர்கள் நம்பினார்கள்.

முதலில் 2013. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் அனுபவமுள்ள கேம் கேமரன் அஃபென்ஸ் பொறுப்புக்கு வந்தார். மேலே சொன்ன பெக்கமும் லாண்ட்ரியும் ஜொலித்தது அந்த வருடம்தான். அவர்கள் கல்லூரியை விட்டுப் போனதும் பழைய குருடி கதவைத் திறடி. 2016 செப்டம்பரில் ஆபர்னிடம் 18-13 என்று தோற்ற மறுநாள் மைல்ஸும் கேமரனும் பதவி இழந்தார்கள்.

இடைக்காலப் பொறுப்பேற்றவர் எட் ஓர்ஜரான். லூசியானாவின் தெற்கே, நீர்க்கால்களின் ஓரத்தில் லரோஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். கரகரத்த குரல், தெற்கு லூசியானாவின் பிரெஞ்சு வம்சாவளியினரான கேஜன் மக்களின் மண் பேச்சு. முன்பு மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளராக 10 வெற்றி 25 தோல்வி என்று மூன்று வருடத்தில் கெட்ட பெயர் எடுத்தவர். மண்ணின் மைந்தர் என்று அவரைக் கொண்டாடியவர்களும், இவரா என்று தலையில் கை வைத்தவர்களும் ஒரே வீட்டில் இருந்திருப்பார்கள். முழுநேரப் பதவி கிடைத்ததும் அவர் தந்த பெரிய வாக்கு நவீன அஃபென்ஸ்.

அதற்காக 2017-இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து மேட் கனடாவை அழைத்து வந்தார். பந்து கிளம்பும் முன் ஆட்களை இடவலமாக நகர்த்தி எதிரியைக் குழப்புவது கனடாவின் பாணி. செப்டம்பர் கடைசியில், சொந்த மைதானத்தில், ட்ராய் என்ற சிறிய பல்கலைக்கழகத்திடம் 24-21 என்று தோற்றார்கள். பருவம் முடிந்ததும் கனடாவும் போய்விட்டார். பேச்சு பெரிதாக இருந்தது, பயிர் முளைக்கவில்லை.

2018-இல் அந்த இடத்துக்கு யார்? ஸ்டீவ் என்ஸ்மிங்கர். எழுபதுகளின் இறுதியில் இதே எல்எஸ்யூவின் குவார்ட்டர்பேக், பிறகு காலமெல்லாம் பயிற்சியாளர். புதுமை தேடியவர்களுக்கு இந்தப் பெயர் உற்சாகம் தரவில்லை. இரண்டு முறை சூடு பட்டவர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் என் கணிப்பில் இந்தக் கதையின் மிக முக்கியமான இரண்டு பேரில் ஒருவர் இவர். அதற்குப் பிறகு வருகிறேன்.

மற்றவர் அந்தக் கோடையில் ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து வந்து சேர்ந்தார். ஜோ பர்ரோ. அங்கே பெரும்பாலும் பெஞ்சில் இருந்தவர். அப்பா கல்லூரி அணியொன்றில் டிஃபென்ஸ் பயிற்சியாளர். எதிரி எப்படி யோசிப்பான் என்பது அவருக்கு வீட்டுப் பாடம்.

2018 சுமாராகப் போகவில்லை. 10 வெற்றி, 3 தோல்வி. ஆனால் நவம்பர் 3 அன்று டைகர் ஸ்டேடியத்திலேயே அலபாமா 29-0 என்று அடித்தது. எட்டாவது தோல்வி. சொந்த வீட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. ஏழு வருடம் முன்பு நியூ ஆர்லியன்ஸில் பட்ட அதே காயம், அதே இடத்தில்.

2019 ஜனவரி 1, பருவ முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டமான ஃபியஸ்டா பௌல். எதிரணி, 25 ஆட்டம் தொடர்ந்து வென்று வந்த சென்ட்ரல் ஃபுளோரிடா. ஆரம்பத்தில் பர்ரோ எறிந்த பந்தைப் பறித்து எதிரணி டச்டவுன் போட்டது. அந்த ஓட்டத்தின்போதே ஒருவர் வந்து மோதிய மோதலில் அவர் தரையில் சாய்ந்தார். எழுந்தார். பிறகு 394 யார்டும் நான்கு டச்டவுனும் எறிந்து 40-32 என்று ஜெயித்துக் கொடுத்தார். அடுத்த வருடத்தின் விதை இங்கே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அது விதை என்று அப்போது எத்தனை பேருக்குப் பட்டிருக்கும்?

என்ன மாறியது

சில வாரங்களில் ஜோ பிரேடி வந்தார். வயது 29. ட்ரூ ப்ரீஸ் எறியும், ஷான் பேட்டன் பயிற்றுவிக்கும் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற என்எஃப்எல் அணியில் இரண்டு வருடம் உதவியாளர். எல்எஸ்யூவில் அவர் பதவி பாஸிங் கேம் கோஆர்டினேட்டர், எறி ஆட்டத்தின் பொறுப்பாளர். என்ஸ்மிங்கர் தன் பொறுப்பிலேயே தொடர்ந்தார்.

இந்தப் பெயர் கேட்டதும் ரசிகர்களின் நம்பிக்கை மறுபடி துளிர்த்தது. செயின்ட்ஸ் அதே மாநிலத்து அணி. ஞாயிற்றுக்கிழமை ப்ரீஸ் எறிவதைப் பார்த்துவிட்டு, நம் பிள்ளைகள் சனிக்கிழமை இப்படி ஆடினால் என்ன என்று ஏங்கிய குடும்பங்கள் அங்கே ஏராளம். இப்போது அந்தச் சமையலறையிலிருந்தே ஒருவர் வருகிறார். நம்பவும் ஆசை, நம்பப் பயம் என்ற நிலையில்தான் அந்தக் கோடை போனது.

மாற்றம் என்ன என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். களத்தில் பதினொரு பேர். அதில் ஐந்து பேர் முன்வரிசைக் காவலர்கள், ஒருவர் குவார்ட்டர்பேக். மிச்சம் ஐந்து பேர் பந்து வாங்கலாம். பழைய எல்எஸ்யூ இந்த ஐந்தில் இரண்டு மூன்று பேரை உள்ளேயே நிறுத்திக் காவலுக்கு வைத்துக்கொள்ளும். ஆள் அதிகம், பாதுகாப்பு அதிகம். ஆனால் எதிரியும் தன் ஆட்களை அங்கேயே கொண்டுவந்து குவித்துவிடுவான்.

புது எல்எஸ்யூ பல தருணங்களில் ஐந்து பேரையும் வெளியே அனுப்பியது. மைதானத்தின் அகலம் 53 யார்டு சொச்சம். அத்தனை அகலத்துக்கும் ஐந்து பேர் விரிந்தால் எதிரியும் விரிந்தே ஆக வேண்டும். ஃபோர்னெட் முன்னால் நின்ற அந்தச் சுவர் தானாகக் கலைகிறது. அப்புறம், எறிவதா கொடுப்பதா என்று பந்து கிளம்பிய பிறகு, ஒரு டிஃபென்ஸ் ஆளின் அசைவைப் பார்த்து முடிவு செய்யும் ஆட்டங்களும் சேர்ந்தன. அவன் முன்னால் வந்தால் அவன் விட்ட இடத்துக்கு எறி, பின்னால் போனால் ஓடுபவரிடம் கொடு.

இதற்கு ஒரு விலை உண்டு. ஐந்து பேர் மட்டும் காவல் நின்றால், எதிரி ஆறு பேரை அனுப்பும்போது ஆறாவது ஆளைத் தடுக்க யாரும் இல்லை. அவன் எங்கிருந்து வருவான் என்று குவார்ட்டர்பேக் முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும், அவன் வந்து சேரும் முன் பந்தை விட வேண்டும், அடி விழும் என்று தெரிந்தும் கண்ணை ரிசீவர் மேலிருந்து எடுக்கக் கூடாது. இந்தத் திட்டத்தைக் காகிதத்தில் எழுத யாராலும் முடியும். ஆட ஒரு பர்ரோ வேண்டும்.

ரிசீவர்களையும் கவனியுங்கள். 2018-இல் ஜஸ்டின் ஜெஃபர்சன் பிடித்த பந்துகள் 54. 2019-இல் அவரைப் பெரும்பாலும் உள்பக்கமாக, எதிரியின் மெதுவான ஆட்கள் காக்கும் இடத்தில் நிறுத்தினார்கள். பிடித்தது 111. ஜமார் சேஸ் 2018-இல் 313 யார்டு எடுத்தவர். 2019-இல் 1,780 யார்டு, 20 டச்டவுன். ஓட்டக்காரர் க்ளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் குள்ளமானவர், ஆனால் நெருக்கத்தில் திரும்புவதில் பம்பரம். 1,414 யார்டு ஓடியதோடு 55 பந்துகளைப் பிடிக்கவும் செய்தார். முன்வரிசைக் காவலர்கள் நாட்டின் சிறந்த முன்வரிசைக்கான ஜோ மூர் விருதை வாங்கினார்கள்.

இவர்களில் யாரையும் பிரேடி கூட்டிவரவில்லை. எல்லாரும் ஏற்கெனவே பேட்டன் ரூஜில் இருந்தவர்கள், 29-0 தோல்வியில் இதே சட்டை போட்டிருந்தவர்கள்.

இங்கேதான் என்ஸ்மிங்கர். அறுபது வயதைத் தொட்ட ஒருவர், தன் மகன் வயதுப் பையன் வந்து பாஸிங் ஆட்டத்தை மாற்ற இடம் கொடுத்தார். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவன் கொண்டுவந்ததை ஆட்டத்தோடு ஆட்டமாகக் கோத்து, எதை எப்போது அழைப்பது என்ற பொறுப்பைத் தான் சுமந்தார். புகழ் பெரும்பாலும் இளையவருக்குப் போனது. சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான ப்ராயில்ஸ் விருதும் பிரேடிக்குத்தான். அதற்காக மூத்தவர் முகம் சுளித்ததாக ஒரு பேச்சு வெளியே வரவில்லை. பயிற்சிக் குழுக்கள் பெரும்பாலும் உடைவது இந்த இடத்தில்தான். 2019-இன் முதல் அதிசயம் அது உடையாமல் இருந்தது என்பேன்.

பருவம்

முதல் ஆட்டம் ஜார்ஜியா சதர்ன் எதிராக 55-3. இளைத்த எதிரி என்று சமாதானம் சொல்லலாம். அடுத்த வாரம் டெக்சஸ். பர்ரோ 39-இல் 31 எறிந்து சேர்த்தார், 471 யார்டு. மூன்று ரிசீவர்கள் தலைக்கு நூறு யார்டுக்கு மேல். அன்றிரவுதான் பயம் விலகி நம்பிக்கை மட்டும் மிஞ்சியது.

வாண்டர்பில்ட் 66-38, ஃபுளோரிடா 42-28 என்று நீண்ட வரிசையில் ஒரு ஆட்டத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். அக்டோபர் 26, ஆபர்ன். அவர்கள் முன்வரிசையில் மூன்று பேரை மட்டும் அனுப்பி, மற்ற எல்லாரையும் பின்னால் இறக்கி எறிவழிகளை அடைத்தார்கள். யார்டு கிடைத்தது, புள்ளி வரவில்லை. 23-20 என்று தப்பித்தார்கள். விரிந்த அஃபென்ஸுக்கு மருந்து இல்லாமல் இல்லை என்று அன்று தெரிந்தது. அந்த மருந்தைத் தாண்ட ஓட்டம் வேண்டும், பொறுமை வேண்டும், கூடவே டிஃபென்ஸ் பொறுப்பாளர் டேவ் அராண்டாவின் ஆட்களும் வேண்டியிருந்தது.

நவம்பர் 9. டஸ்கலூசா. அலபாமாவின் சொந்த மைதானம். இடைவேளையில் எல்எஸ்யூ 33-13. இரண்டாம் பாதியில் அலபாமா விடாமல் துரத்தியது. அவர்கள் குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவா 418 யார்டு எறிந்தார். ஒரு வருடம் முன்பு இப்படி ஒரு துரத்தல் வந்திருந்தால் எல்எஸ்யூ சுருங்கி, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கும். இந்த முறை ஒவ்வொரு அடிக்கும் பதிலடி. அதிலும் எட்வர்ட்ஸ்-ஹெலேர்! 103 யார்டு ஓட்டம், ஓடிப் போட்ட டச்டவுன் மூன்று, பிடித்தது ஒன்று. கோட்டுக்கு அருகே தன்னைவிடப் பெரிய ஆட்கள் சூழ்ந்தபோது குனிந்து, இடித்து, காலை மட்டும் நிறுத்தாமல் முன்னே போய்க்கொண்டிருந்தார். 46-41. எட்டு வருடக் கணக்கு தீர்ந்தது. பர்ரோவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று. ரசிகர்கள் கேட்டது எறியும் அணியை. அலபாமாவின் கதவை உடைத்ததில் பாதி வேலை ஓட்டக்காரருடையது. விரிந்து நின்றதால்தான் அவருக்கு வழி கிடைத்தது. ஃபோர்னெட்டுக்குக் கிடைக்காத வழி.

நவம்பர் கடைசியில், சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது பர்ரோவின் சட்டை முதுகில் அவர் பெயர் கேஜன் பிரெஞ்சு எழுத்துமுறையில் இருந்தது. உச்சரிப்பு அதேதான், எழுத்து மட்டும் அந்த மண்ணுடையது. ஒஹாயோவிலிருந்து வந்த பையன் இரண்டு வருடத்தில் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டார். டிசம்பரில் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கிய மேடையில், தன் சொந்த ஊர்ப் பக்கம் பசியோடு வீடு திரும்பும் குழந்தைகளைப் பற்றி அவர் கண்கலங்கிப் பேசினார். அதன்பின் அந்த மாவட்டத்தின் உணவு உதவி மையத்துக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. லூசியானாக்காரர்களும் அதில் அள்ளிக் கொடுத்தார்கள்.

டிசம்பர் 28, அட்லாண்டாவில் ஓக்லஹோமாவுடன் அரையிறுதி. அன்று காலை லூசியானாவின் லஃபாயெட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. ஆட்டம் பார்க்கக் கிளம்பியவர்கள் அதில் இருந்தார்கள். இறந்தவர்களில் என்ஸ்மிங்கரின் மருமகளும் ஒருவர். ஆட்டத்துக்கு முன்பே அவருக்குச் செய்தி வந்துவிட்டது. அவர் மேலே போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்து, ஆட்டத்தை நடத்தினார். முதல் பாதியிலேயே பர்ரோ ஏழு டச்டவுன் எறிந்தார். 63-28. அந்த ஸ்கோரை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த மனிதரின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸ். 92 யார்டு எடுத்து அவமானப்பட்ட அதே கூரையின் கீழ். எதிரணி, 29 ஆட்டம் தொடர்ந்து வென்றிருந்த கிளெம்சன். முதலில் 17-7 என்று பின்தங்கினார்கள். பிறகு சேஸ் தனியாளாக 221 யார்டு எடுத்தார், பர்ரோ 463 யார்டு எறிந்தார், 42-25. பதினைந்து ஆட்டம், பதினைந்து வெற்றி. மொத்தம் 726 புள்ளிகள். பர்ரோவின் 60 டச்டவுன் அப்போது ஒரு பருவத்துக்கான சாதனை. 2018-இல் அவர் எறிந்தது 16.

பிறகு

பட்டம் வென்ற அதே வாரத்தில் பிரேடி என்எஃப்எல் அணியான கரோலைனா பாந்தர்ஸுக்குப் போனார். அராண்டா பேலர் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஏப்ரலில் என்எஃப்எல் அணிகள் 14 எல்எஸ்யூ வீரர்களைத் தேர்ந்தெடுத்தன. பர்ரோ முதல் ஆள். கொரோனா காலத்தில் சேஸ் அந்தப் பருவம் ஆடுவதில்லை என்று முடிவெடுத்தார்.

2020 செப்டம்பர் 26. முதல் ஆட்டம், சொந்த மைதானம், எதிரி மிசிசிப்பி ஸ்டேட். அவர்களுக்கும் அன்று புது அஃபென்ஸ், மைக் லீச் கொண்டுவந்தது. அவர்கள் குவார்ட்டர்பேக் 623 யார்டு எறிந்து, 44-34 என்று நடப்பு சாம்பியனைத் தோற்கடித்தார். முந்தைய வருடம் எல்எஸ்யூ மற்றவர்களுக்குச் செய்தது எல்எஸ்யூவுக்கே நடந்தது. அந்தப் பருவம் 5-5.

2021-க்கு ஓர்ஜரான் எடுத்த முடிவுதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் வலிக்கும் பக்கம். பாந்தர்ஸில் பிரேடியோடு வேலை செய்த ஜேக் பீட்ஸை அழைத்து வந்து அஃபென்ஸைக் கொடுத்தார். அதே புத்தகம் திரும்பி வந்துவிட்டால் அதே வருடமும் திரும்பி வந்துவிடும் என்ற நினைப்பு. ரசிகர்களில் பலருக்கும் அதே ஆசைதான், நானும் அப்படித்தான் நம்பினேன். ஆறாவது ஆள் எங்கிருந்து வருவான் என்று பார்த்துச் சொல்ல பர்ரோ இல்லை. அந்த ஐந்து காவலர்களில் பெரும்பாலோர் இல்லை. தன் பெருமையை ஓரம் வைத்துவிட்டுக் கோத்துக் கொடுக்க என்ஸ்மிங்கரும் அந்த நாற்காலியில் இல்லை. அக்டோபரில், பட்டம் வென்ற 21 மாதத்தில், ஓர்ஜரான் பருவ முடிவில் விலகுவார் என்று அறிவித்தார்கள்.

அப்படியானால் 2019-இல் ரசிகர்கள் நம்பியது தவறா? இல்லை என்பதே என் கணிப்பு. விரிந்து ஆடச் சொன்னது சரி. அந்த ஊரில் எறியவும் பிடிக்கவும் ஆள் இருக்கிறார்கள் என்று அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, பயிற்சியாளர்களுக்குத் தெரியாமல் போயிருந்தது. ஆனால் வெற்றி வந்ததும் முழுப் பெருமையையும் திட்டத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள். ஊர் கூடி இழுத்த தேரை வடம்தான் இழுத்தது என்று நினைத்த மாதிரி.

அடுத்து வந்த ப்ரையன் கெல்லியின் காலத்தில், 2023-இல், மறுபடி ஒரு மகத்தான அஃபென்ஸ் வந்தது. ஜேடன் டேனியல்ஸ் ஹைஸ்மன் வாங்கினார். ஆனால் டிஃபென்ஸ் ஓட்டைப் பானை. மிசிசிப்பி பல்கலைக்கழகத்திடம் 49 புள்ளி எடுத்தும் 55 கொடுத்துத் தோற்றார்கள். மைல்ஸ் காலத்து ரசிகரிடம் போய், நம் அணி 49 எடுத்துத் தோற்கும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

2025 அக்டோபரில் கெல்லியும் நீக்கப்பட்டார். நவம்பர் கடைசியில் லேன் கிஃபின் வந்தார், அஃபென்ஸ் கட்டுவதில் நாட்டில் பெயர் பெற்றவர். 2014-இலிருந்து மூன்று வருடம் அலபாமாவின் அஃபென்ஸை நடத்தியவரும் இவர்தான். அந்த எட்டுத் தோல்விகளில் மூன்று இவர் கைவரிசை. பேட்டன் ரூஜில் மறுபடி ஒரு புது அஃபென்ஸ் பற்றிய பேச்சு. இந்த முறை நான் முதலில் பார்க்கப் போவது ஐந்து பேர் நிற்கும் அந்த முன்வரிசையையும், அவர்களுக்குப் பின்னால் நின்று ஆறாவது ஆளைத் தேடப் போகும் பையனையும்.